இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48: முதல் இரண்டு நாள் கைகொடுக்கிறது, மூன்றாம் நாள்தான் சிக்கல்

2022-இல் இந்தியாவிலேயே அதிகமாக 64,105 சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாயின. இறந்தவர்கள் 17,884 பேர். இப்படி அதிக விபத்துகள் நடக்கும் நிலைமைக்குத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் மிக அவசியமான பதில். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவர் பணம் கட்ட வேண்டியதில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர், எந்த மாநிலம், எந்த நாடு என்ற கேள்வியே இல்லை. தொடக்கத்தில் 201 அரசு, 408 தனியார் என 609 மருத்துவமனைகள் சேர்க்கப்பட்டன. 81 வகைச் சிகிச்சைகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றிருந்த உச்சவரம்பைப் பிறகு இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள்.

பெரிய அரசு மருத்துவமனைகளில் இது நன்றாக வேலை செய்யக் காரணம், அதற்கு முன்பே அங்கே வந்துவிட்ட 'டேய்' (TAEI – தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம்) முறை. 108 வண்டி கிளம்பும்போதே கேஷுவாலிட்டிக்குத் தகவல் போகிறது. ஆள் வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, சிவப்பில் இருப்பவரை முதலில் பார்க்கிறார்கள். முன்னால் வந்தவருக்கு முதலில் சீட்டு என்ற பழைய வழக்கம் அங்கே செல்லாது.

ஆனால் இந்தப் பலன் கிடைப்பது சாலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அடிபட்டவரை ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துப் பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கழுத்து எலும்பு முறிந்திருந்தால் அந்த மடக்கலிலேயே தண்டுவடம் பாதிக்கப்படலாம். அந்த நர்சிங் ஹோமில் சி.டி. ஸ்கேன் இல்லையென்றால், தலையில் அடிபட்டவர் அங்கிருந்து மறுபடி ஒரு பயணம் போக வேண்டும். தொடை எலும்பு முறிவு ஒன்றிலேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளே தேங்கும். அதனால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை மடித்துவைத்து, கையை எடுக்காமல் அழுத்துங்கள். நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி வையுங்கள். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறையும் ரத்தம் கலைந்துவிடும். உதவியவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

திட்டத்தின் உண்மையான குறை பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. உடலில் பல இடங்களில் அடிபட்டவருக்கு மருத்துவர்கள் முதலில் ரத்தப்போக்கை நிறுத்தி, முறிந்த எலும்பை வெளியிலிருந்து கம்பி மாட்டி நிறுத்திவைப்பார்கள். ரத்த அழுத்தமும் நுரையீரலும் தேறிய பிறகுதான் உள்ளே ராடு போடும் பெரிய அறுவை சிகிச்சை. அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த அறுவை சிகிச்சை மூன்றாம், நான்காம் நாளில்தான் வரும். அதற்குள் 48 மணி நேரம் முடிந்துவிடும். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தில் தொகை ஒன்றரை லட்சம்தான், ஆனால் ஏழு நாள் தருகிறார்கள். தமிழகத் திட்டமும் அந்த ஏழு நாளுக்குப் போக வேண்டும். இதை நாங்கள் அழுத்தமாகவே சொல்கிறோம்.

இப்போதைய விதிப்படி 48 மணி நேரத்துக்குப் பிறகு மூன்று வழிகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்து, அந்த மருத்துவமனையும் அதில் சேர்ந்திருந்தால் அங்கேயே தொடரலாம். இல்லையென்றால் நிலைப்படுத்தி அரசு மருத்துவமனைக்கு மாற்றுவார்கள். முதலில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலேயே இருக்க விரும்பினால் சொந்தப் பணம் அல்லது சொந்தக் காப்பீடு. இரண்டாம் நாள் காலையிலேயே பில்லிங் கவுண்டரில், இவற்றில் எது உங்களுக்கு என்று கேட்டுவிடுங்கள். கடைசி மணியில் கேட்டால் முன்பணம் கேட்பார்கள், குடும்பம் தடுமாறிக் கையெழுத்துப் போட்டுவிடும்.

மாற்றுவதாக இருந்தால் சி.டி. படங்கள், கொடுத்த மருந்துகளும் ஏற்றிய ரத்த அளவும் எழுதிய ரெஃபரல் சீட்டு ஆகியவற்றை ஆளோடு அனுப்பச் சொல்லுங்கள். படம் இல்லாமல் போனால் அங்கே முதலிலிருந்து ஸ்கேன் எடுப்பார்கள். ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) காப்பிக்கும் அப்போதே சொல்லிவையுங்கள், இழப்பீட்டு வழக்குக்கு அது வேண்டும்.