இரு கண் போட்டியைப் பார்க்க எது நல்லது: சிவப்பு-நீலக் கண்ணாடியா, ஆடி ஸ்டீரியோஸ்கோப்பா?

ஒரு கண்ணுக்கு இடப்பக்கம் சாய்ந்த கோடுகள், மறு கண்ணுக்கு வலப்பக்கம் சாய்ந்தவை என்று காட்டினால், மூளை சில நொடி ஒன்றைக் காட்டும், அப்புறம் மற்றதுக்குத் தாவும், நடுவில் இரண்டும் ஒட்டுப்போட்ட மாதிரி துண்டு துண்டாகத் தெரியும். இதுதான் இரு கண் போட்டி. இதை நேரில் பார்க்க இரண்டு வழி: ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு நிறப் படத்தை மட்டும் விடும் சிவப்பு-நீலக் கண்ணாடி, இல்லையென்றால் ஆடிகள் (முகம் பார்க்கும் கண்ணாடிகள்) வழியே ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படம் காட்டும் ஆடி ஸ்டீரியோஸ்கோப்.

செலவு
கண்ணாடி: அட்டைச் சட்டம், இரண்டு வண்ணத் தாள், அவ்வளவுதான்.
ஆடி: இரண்டு ஆடி, தாங்கி, நடுவே தடுப்பு.

சுலபம்
கண்ணாடி: மாட்டினால் போதும்.
ஆடி: இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை நகர்த்த வேண்டும், பொறுமை வேண்டும். படங்களைச் சுற்றி ஒரே மாதிரி சட்டம் வரைந்தால் கண்கள் சட்டென்று நிலைகொள்ளும்.

துல்லியம்
என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். வண்ணத் தாளில் மறு கண்ணின் படமும் மங்கலாகக் கசியும். போதாததற்கு வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்தாலே நிறங்களுக்குள் போட்டி வந்துவிடும், மாறியது கோடா நிறமா என்றே புரியாது. 1838-ல் ஆங்கிலேய இயற்பியலாளர் வீட்ஸ்டோன் விவரித்த ஆடி முறையில் கசிவு இல்லை, முகம், வீடு என எந்தப் படத்தையும் அதன் நிறத்திலேயே காட்டலாம்.

வகுப்பில் பலருக்கு ஒரே நேரத்தில் காட்ட வண்ணக் கண்ணாடி. எத்தனை நொடிக்கு ஒருமுறை மாறுகிறது என்று அளக்க ஆடிதான். எதுவானாலும் படம் சிறிதாக இருக்கட்டும், பெரிதானால் துண்டு துண்டாகவே தெரியும்.