ஸ்டிங்ரே என்றாலே டர்போ என்கிறார்கள், நம்பாதீர்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பழைய வேகன் ஆர் தேடுகிறவர்கள் முற்பணம் கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

என் அத்தான் இங்குள்ள ஒரு கார் சேலில் சுசுகி வேகன் ஆர் ஸ்டிங்ரே வாங்கினார். விளம்பரத்திலேயே "டர்போ, 64 குதிரைவலு" என்று போட்டிருந்தார்கள். டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளிப் பலத்தைக் கூட்டும் கருவி. விலையும் மற்ற ஸ்டிங்ரேக்களைவிடக் கூடுதல். ஏன் என்று கேட்டதற்கு, "அண்ணன், ஸ்டிங்ரே என்றாலே டர்போதான். மலையேற இதைவிட நல்ல வண்டி கிடைக்காது" என்றார் விற்றவர். அக்கா லுணுகலையில் படிப்பிக்கிறார். பதுளை வீதியில் அடிக்கடி ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தான் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்தார்.

கல்லடிப் பாலத்திலும் காத்தான்குடி வீதியிலும் எந்தக் குறையும் தெரியவில்லை. செங்கலடியிலிருந்து மகா ஓயா வரைகூட நன்றாகத்தான் ஓடியது. பிபிலையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், உள்ளே நான்கு பேர், ஏசியும் போட்டிருக்கிறது, எஞ்சின் அலறுகிறதே தவிர வண்டி ஏறவில்லை. வளைவில் பின்னால் லொறி வந்துகொண்டிருந்தது. அக்கா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் கராஜ்காரர் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதில் டர்போவே இல்லையே" என்றார்.

ஸ்டிங்ரே என்பது முகப்பும் விளக்கும் அலங்காரமும் வேறாக உள்ள வேகன் ஆர், அவ்வளவுதான். 2012இல் ஜப்பானில் வந்த எம்எச்34எஸ் வகையில் ஸ்டிங்ரே எக்ஸ் என்பது டர்போ இல்லாதது, 52 குதிரைவலு. ஸ்டிங்ரே டி என்பதுதான் டர்போ, 64 குதிரைவலு. இந்த 12 வித்தியாசத்தைவிட முக்கியமானது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலம். எக்ஸுக்கு 63 நியூட்டன் மீற்றர், டிக்கு 95. ஏற்றத்தில் வண்டியைத் தூக்குவது அந்த ஒன்றரை மடங்குதான்.

இரண்டுக்கும் எஞ்சின் கொள்ளளவு ஒன்றே, 658 சிசி. செசி இலக்கமும் எம்எச்34எஸ் என்றே தொடங்கும். வாகனப் புத்தகத்தைப் புரட்டினால் கொள்ளளவு தெரியும், குதிரைவலு தெரியாது. டொயோட்டா விட்ஸ் என்றால் 1000 சிசியா 1300 சிசியா என்று புத்தகமே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அதற்கு வழியில்லை. விற்றவரிடம் போய்க் கேட்டபோது, "புத்தகத்தில் 658 என்று சரியாகத்தானே இருக்கிறது" என்று பதில் சொன்னார்கள். பிள்ளைகளோடு மலையேறும் குடும்பம் என்று தெரிந்தே செய்த ஏமாற்று இது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஜப்பானில் ஏலம் விட்டபோது எழுதிய தாளைக் கேளுங்கள், அதில் எக்ஸா டியா என்று இருக்கும். தாள் இல்லை என்றால் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் டர்போவையும், அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் கண்ணால் பாருங்கள். முடிந்தால் ஆட்களை ஏற்றி ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள், நகரத்துக்குள் ஓட்டுவதில் பயனில்லை. விளம்பரத்தையும் படமெடுத்து வையுங்கள். எங்களிடம் அது இருந்ததால்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஆதாரத்தோடு முறைப்பாடு கொடுக்க முடிந்தது. அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977.

வண்டியைத் திருப்பி எடுக்கிறோம், ஆனால் விலையைக் குறைத்துத்தான் தருவோம் என்கிறார்கள் விற்றவர்கள். அத்தான் மறுத்துவிட்டார். இப்போது அதே இடத்தில் இன்னொரு வெள்ளை ஸ்டிங்ரே "டர்போ" என்ற அட்டையோடு நிற்கிறது. பார்க்கப் போகிறவர்கள் முதலில் பொனட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.