ஒரே அரங்கில் இருப்பவர்களைச் சந்திக்க எந்த வகை ஆப் உதவுகிறது?

மாநாடு, கண்காட்சி, பயிற்சிப் பட்டறை என்று எதற்காவது தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் தனியாகப் போனவர்களுக்கு அந்த முதல் இடைவேளை எப்படி இருக்கும் என்று தெரியும். ஏற்கெனவே பழக்கமானவர்கள் நாலைந்து பேராக வட்டம் கட்டி நின்றுவிடுவார்கள், நாம் சுவரோரமாக நின்று போனை நோண்டிக்கொண்டிருப்போம். நமக்கு வேண்டிய ஆள் பத்தடி தூரத்திலேயே இருக்கலாம், ஆனால் அவர் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

அந்தப் போனே இதற்கு உதவட்டும் என்று பல வகை ஆப்களைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்த ஆப்களால் எனக்கு ஒரு பயனும் இல்லை, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்த ஆப்தான் ஆளைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தியது.

முதலில் செக்-இன் வகை. இதன் மூதாதை டாட்ஜ்பால், 2000இல் தொடங்கியது, எஸ்எம்எஸ் வழியாகவே ஓடியது. கூகுள் அதை 2005இல் வாங்கி 2009இல் மூடிவிட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் கிரவுலி, நவீன் செல்வதுரையோடு சேர்ந்து அதே 2009இல் ஃபோர்ஸ்குவேரைக் கொண்டுவந்தார். வந்த இடத்தை நாமே தேர்ந்தெடுத்து அழுத்தினால் நண்பர்களுக்குத் தகவல் போகும். அழுத்தாவிட்டால் போகாது. நான் இந்த வகைக்குக் கொடுக்கும் பெரிய மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்களைத்தான் இது சேர்த்துவைக்கும். 2014இல் செக்-இன் மட்டும் ஸ்வார்ம் என்ற தனி ஆப்பாகப் பிரிந்தது, இப்போது போன இடங்களைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பு மாதிரிதான் அது பயன்படுகிறது.

இரண்டாவது, அருகில் இருப்பவர்களைப் பட்டியல் போடும் வகை. கேட்கும்போது இதுதான் நமக்கு வேண்டியது போலத் தோன்றும். திறந்தால் சுற்றியிருப்பவர்களின் படம், பெயர், எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறார்கள் என்ற கணக்கு எல்லாம் வரும். 2012இல் ஹைலைட் என்ற ஆப் இப்படி வந்தபோது பெரிய பேச்சாக இருந்தது, பின்னணியில் ஓயாமல் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் பேட்டரியைத் தின்றது. டெலிகிராமும் 2019இல் அருகில் உள்ளவர்களைக் காட்டும் வசதியைச் சேர்த்தது, பாட்களும் (தானாக இயங்கும் போலிக் கணக்குகள்) மோசடிக்காரர்களும் புகுந்துவிட்டதால் 2024 செப்டம்பரில் எடுத்துவிட்டது.

இந்த வகையில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை சரியாகச் சொல்லும். கூரைக்கு அடியில் போனதும் சிக்னல் பலவீனமாகும், சுவரில் பட்டுத் திரும்பும், நாம் எந்த மாடியில் இருக்கிறோம் என்பதும் குழம்பிவிடும். அதனால் "80 மீட்டர்" என்று காட்டும் ஆள் நம் அரங்கிலும் இருக்கலாம், எதிர்க் கட்டடத்தில் வேறு வேலையாகவும் இருக்கலாம்.

அதைவிடக் கவலையான விஷயம் ஒன்று உண்டு. ஆப் தூரத்தை மட்டும்தானே காட்டுகிறது, இடத்தைக் காட்டவில்லையே என்று நாம் நினைப்போம். ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது நீங்கள் 300 மீட்டர் தள்ளி இருப்பதாகக் காட்டினால், என் இடத்தை மையமாக வைத்து அந்த அளவில் ஒரு வட்டம் வரைகிறேன். இன்னொரு இடத்திலிருந்து இன்னொரு வட்டம், மூன்றாவது இடத்திலிருந்து மூன்றாவது வட்டம். மூன்றும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் நீங்கள் நிற்கிறீர்கள். நான் நடக்கக்கூட வேண்டாம், என் இருப்பிடத்தைப் பொய்யாகக் கொடுத்தே மூன்று தூரத்தையும் வாங்கிவிடலாம். ஜோடி தேடும் ஆப்பான டிண்டரில் இப்படிச் செய்ய முடிந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள், அதற்குள் அந்த ஓட்டை அடைக்கப்பட்டிருந்தது. செக்-இன்னும் தப்பவில்லை. 2012இல் கேர்ல்ஸ் அரவுண்ட் மீ என்ற ஆப் ஃபோர்ஸ்குவேரில் பொதுவில் கிடந்த செக்-இன்களையும் ஃபேஸ்புக் பக்கங்களையும் இணைத்து, பக்கத்தில் எந்தெந்தப் பெண்கள் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டியது. அந்தப் பெண்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. ஃபோர்ஸ்குவேர் தகவல் கொடுப்பதை நிறுத்திய பிறகுதான் அது ஆப் ஸ்டோரிலிருந்து போனது. யாரிடமாவது அருகில் இருப்பவர்களைக் காட்டும் ஆப்பைப் பரிந்துரைக்கும் முன் எனக்கு இது ஞாபகத்துக்கு வந்துவிடும்.

மூன்றாவது, நாம் போன வழியில் நம்மைக் கடந்து போனவர்களைக் காட்டும் ஹாப்ன், 2014இல் பாரிஸில் தொடங்கியது. இரண்டு பேருக்கும் விருப்பம் இருந்தால்தான் பேச முடியும், அது நல்ல ஏற்பாடு. ஆனால் முழுக்க முழுக்க ஜோடி தேடுவதற்கானது, தொழில் பேச வந்தவருக்கு இங்கே வேலையில்லை.

நான்காவது, நிகழ்ச்சி நடத்துபவர்களே திறந்துவிடும் ஆப், ஹூவா, ப்ரெல்லா மாதிரி. என் ஓட்டு இதற்கே. பதிவு செய்தவர்கள் மட்டும்தான் உள்ளே இருப்பார்கள், என்ன துறை, எதில் ஆர்வம் என்று அவரவரே எழுதியிருப்பார்கள், சந்திக்கலாமா என்று கேட்டு அவர் சரி என்ற பிறகே நேரம் குறிக்கலாம். இருப்பிடமே தேவையில்லை!

ஒரு முறை பழைய ஒலிப்பதிவுகளைப் பாதுகாப்பது பற்றிய இரண்டு நாள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். என் அறிமுகத்தில் ஒரே வரி எழுதினேன்: "ஒட்டிக்கொள்ளும் பழைய ஒலிநாடாக்களைச் சூடுபடுத்திப் பதிவெடுத்த அனுபவம் உள்ளவரோடு பேச வேண்டும்." அடுத்த உரை முடிவதற்குள் பதில் வந்துவிட்டது: "வலது பக்க மூன்றாவது தூண், சாம்பல் நிறச் சட்டை, இடைவேளையில் வாருங்கள்." அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். எந்த ஜிபிஎஸ்ஸும் அதை எனக்குச் சொல்லியிருக்காது.

குறைகளும் உண்டு. நடத்துபவர்கள் ஏற்பாடு செய்தால்தான் இது கிடைக்கும், பலர் அறிமுகத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள், பொருள் விற்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பித் தொல்லை கொடுப்பார்கள்.

அப்படி ஒரு ஆப் இல்லாத சின்னக் கூட்டங்களில் வாசலில் ஒட்டிய க்யூஆர் மூலம் சேரும் குரூப் போதும். வாட்ஸ்அப் குரூப் என்றால் முன்பின் தெரியாதவர்களுக்கும் உங்கள் போன் நம்பர் போய்விடும், அது வேண்டாதவர்கள் நேரில் பேசிய பிறகு லிங்க்ட்இன் க்யூஆரைக் காட்டினாலே ஆயிற்று.

சுவையான தகவல் ஒன்று: 1998இல் ஜப்பானில் லவ்கெட்டி என்று கையடக்கக் கருவி விற்றார்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பேசவா, கரோக்கி பாடவா என்று நோக்கத்தை முதலிலேயே அதில் வைத்துவிட வேண்டும், 5 மீட்டருக்குள் அதே நோக்கம் வைத்த ஒருவர் வந்தால் ஒலிக்கும். எதற்கு வந்தாய் என்று கேட்கத் தெரிந்த கருவி அது, பின்னால் வந்த பல ஆப்களுக்கு அது தோன்றவில்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அருகில் இருப்பவர்களைக் காட்டும் ஆப்தான் வேண்டும் என்பவர்கள், ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 முதல் இருக்கும் தோராயமான இருப்பிட அனுமதியை மட்டும் கொடுங்கள், "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று வையுங்கள், வீட்டுக்குக் கிளம்பும் முன் அரங்கத்திலேயே அந்த ஆப்பை அழித்துவிடுங்கள்.