இரண்டு பூனைகள்: ஒன்று அடக்கத்துக்கு, ஒன்று சாபத்துக்கு

கம்பர் தம் ராமாயணத்து அவையடக்கத்தில், அதாவது நூலின் தொடக்கத்தில் தம்மைத் தாழ்த்திச் சொல்லும் பாட்டில், ஒரு பூனையைக் கொண்டுவருகிறார். பாற்கடல் முழுவதையும் நக்கிவிடலாம் என்று கரையில் நிற்கிறது அது. ராமகதையைச் சொல்லத் துணிந்த தானும் அப்படித்தான் என்கிறார். நோக்கம் பணிவு, அதைச் சாதிப்பது அளவு. அவ்வளவு பெரிய கடலுக்கு எதிரே ஒரு சின்ன நாக்கு. படிப்பவர் சிரித்துவிடுவார், கவிஞர் தப்பித்துக்கொள்வார்.

குறுந்தொகை 107-ஆம் பாட்டில் சிரிப்பே இல்லை. தலைவனோடு உறங்கியவளைச் சேவல் கூவி எழுப்பிவிடுகிறது. வெருகுக் குட்டிக்கு, அதாவது காட்டுப்பூனைக் குட்டிக்கு, இரையாகிப் போ என்று அவள் சேவலைச் சபிக்கிறாள். இங்கே எனக்குப் பிடித்த சொல் 'அல்கிரை'. உடனே விழுங்கும் இரை அல்ல, வைத்திருந்து நாள்கணக்கில் தின்னும் இரை. எவ்வளவு கோபம்! சேவலின் கொண்டையைச் சிவந்த தோன்றிப் பூ என்று முதலில் கொஞ்சுவதுபோல் தொடங்கி, நள்ளிருளில் எலிக்குக் காத்திருக்கும் வெருகைப் பிறகே காட்டுகிறார் இதைப் பாடிய மதுரைக் கண்ணனார். வெளிச்சமான நிறத்திலிருந்து இருட்டுக்கு ஒரே தாவல்.

கம்பரின் பூனைக்கு ஆசை மட்டும் போதும்; கடலை நக்கி முடித்ததா என்று யாரும் கேட்பதில்லை. வெருகுக்கோ பசி வேண்டும், இல்லாவிட்டால் சாபம் பலிக்காது. தேர்வு செய்யச் சொன்னால் நான் வெருகின் பக்கம்.