சிகிச்சை அறையா, அடுப்படியா?

கோத்தகிரியிலிருந்து மலையிறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குச் சென்று, வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சியாளரிடம் குழந்தையைக் காட்டுவது ஒரு வழி. அன்றாட வேலைகளுக்கு நடுவே வீட்டிலேயே பேச்சை வளர்ப்பது மற்றொன்று. எதுவானாலும் செவித்திறன் சோதனை முதலில் முடிந்திருக்க வேண்டும்.

'கேரட்' என்பதைத் 'தேரட்' என்று சொல்லும் 5 வயதுக் குழந்தைக்கு முதல் வழியே பொருத்தமானது. நாக்கின் பின்பகுதி எழ வேண்டிய இடத்தில் நுனி எழுவதைக் கண்டு திருத்தப் பயின்ற காது வேண்டும்.

சொற்களே குறைவாக உள்ள 3 வயதுக் குழந்தைக்கோ, பயிற்சியாளர் அவ்வப்போது வழிகாட்ட, வீட்டையே நான் முதன்மையாகக் கொள்வேன். குழந்தை "பால்" என்றால், "சூடான பால் வேணுமா?" என்று சற்று நீட்டிச் சொல்லிவிட்டு, சில நொடிகள் வாய்திறவாமல் காத்திருக்க வேண்டும். (இதுதான் கடினம், பாட்டி அதற்குள் டம்ளரை நீட்டிவிடுவார்.) கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துச் சோர்ந்து இறங்கும் குழந்தையிடம் சிகிச்சை அறையின் முக்கால் மணி நேரத்தில் வராத பேச்சு, அந்த டம்ளருக்காக அடுப்படியில் வந்துவிடக்கூடும்.

வீட்டில் படுகு மொழியும் பள்ளியில் தமிழும் கேட்பதால்தான் பேச்சு தாமதமாகிறது என்று கூறி, படுகு பேசுவதை நிறுத்தச் சொல்வோர் உண்டு; இருமொழிச் சூழல் மொழிக்குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பதால், தாய்க்குச் சரளமான மொழியிலேயே இப்பயிற்சியைத் தொடரலாம்.