கொத்தடிமை மீட்பு சேவை: ஒடியா பேச ஆள் இல்லைன்னு போய் ரெண்டு நாள் கூட இருந்தவளோட ரிவ்யூ

எனக்கு ஒடியா தெரியும். அப்பாவுக்கு ரூர்கேலா ஸ்டீல் பிளான்ட்ல வேலை, பன்னெண்டாவது வரைக்கும் அங்கதான் படிச்சேன், இப்ப பெரம்பூர்ல இருக்கேன். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஒருநாள் காலைல ஆறரைக்கு என் ஃப்ரெண்டோட அண்ணன் போன் பண்ணாரு, அவர் ஒரு தொண்டு நிறுவனத்துல இருக்காரு, "சிட்டிக்கு வெளிய ஒரு செங்கல் சூளைல இன்னைக்கு மீட்பு இருக்கும்மா, எல்லாரும் ஒடிசால பலாங்கீர் மாவட்டத்துக்காரங்க, பேச ஆள் இல்ல, வர்றியா"ன்னாரு. ஆபீஸுக்கு லீவ் சொல்லிட்டு கிளம்பிட்டேன். அந்த ரெண்டு நாள்ல அரசாங்கம் எதை நல்லா செய்யுது, எங்க கோட்டை விடுதுன்னு கண்ணால பார்த்ததை எழுதறேன். எந்த ஆபீஸ், எந்த சூளைன்னு சொல்லப் போறதில்ல, கேஸ் நடந்துகிட்டு இருக்கு, அந்தக் குடும்பங்கள் யாருன்னும் வெளிய தெரியக் கூடாது.

முதல்ல மீட்பு. இதுக்கு முழு மார்க். வருவாய்த்துறை, போலீஸ், தொழிலாளர் துறை மூணும் ஒண்ணா வந்தாங்க, யாரும் கத்தல, பயமுறுத்தல. 2019-ல காஞ்சிபுரம், வேலூர் பக்கம் மரம் வெட்டுற இடங்கள்ல இருந்து 42 பேரை மீட்டப்ப ஒரு பெரியவர் அதிகாரி கால்ல விழுந்த போட்டோ எல்லாரும் பார்த்திருப்பீங்க, அந்த மாதிரி இங்கயும் ஒருத்தர் குனியப் போனாரு, கூட வந்த பெண் அதிகாரி சட்டுனு அவர் தோளைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. வேன்ல ஏத்தறதுக்கு முன்னாடி பாத்திரம், துணி, கோழிக்குஞ்சு வரைக்கும் எடுத்துக்க டைம் குடுத்தாங்க. அந்தக் கோழிக்குஞ்சு விஷயத்தை நான் மறக்கவே மாட்டேன், ஏன்னா அந்த ஆறு மாசத்துல அவங்க சொந்தம்னு சொல்லிக்க இருந்தது அதுதான்.

பிரச்சனை விசாரணைல ஆரம்பிச்சுது. ஒரு சமுதாய நலக்கூடத்துல உக்கார வெச்சு ஒவ்வொருத்தரா கேட்டாங்க, ஆனா சூளை மேஸ்திரியும் அதே ஹால்ல நின்னுட்டு இருந்தாரு. "உங்கள யாராவது அடிச்சாங்களா, பூட்டி வெச்சாங்களா"ன்னு கேட்டா மேஸ்திரி மூஞ்சிய பார்த்துட்டு இல்லன்னுதான் சொல்லுவாங்க. நான் போய் "சார், அவர கொஞ்சம் வெளிய அனுப்புங்க"ன்னு கேட்டப்புறம்தான் அனுப்பினாங்க. அதுக்கப்புறம் வந்த பதிலே வேற. ஊருக்கு அம்மாவ பார்க்கப் போறேன்னு கேட்டதுக்கு பொண்டாட்டிய இங்க விட்டுட்டுப் போன்னு சொன்னது, வாரச் சந்தைக்குக் கூட ஒருத்தர் மட்டும்தான் போகலாம், கூட ஒரு ஆள் வருவான்கிறது, எல்லாம் அப்பதான் வெளிய வந்துச்சு.

இங்க ஒரு விஷயம், நிறைய பேருக்கு இது தெரியாது. கொத்தடிமைன்னா சங்கிலி போட்டு கட்டி வெக்கிறதுன்னு நினைக்கிறோம், 1976-ல வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அப்படி சொல்லல. அட்வான்ஸ் வாங்கிட்டு, அதுக்காக கூலி இல்லாமயோ அடிமட்டக் கூலிக்கோ வேலை செய்யணும், இல்ல வேற இடத்துக்கு போக முடியாது, வேற வேலைக்கு போக முடியாது, இதுல ஏதோ ஒண்ணு இருந்தாலே அது கொத்தடிமை. குறைஞ்சபட்சக் கூலிக்கும் கீழ குடுத்து வேலை வாங்கறதே கட்டாய உழைப்புதான்னு சுப்ரீம் கோர்ட் 1982-லயே சொல்லிடுச்சு. இன்னும் முக்கியமா, ஒருத்தர் நான் கொத்தடிமைன்னு சொன்னா, அப்படி இல்லன்னு நிரூபிக்க வேண்டியது அட்வான்ஸ் குடுத்தவரோட பொறுப்பு. ஆனா நான் பார்த்த ஹால்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கல் அறுத்தவங்ககிட்டதான் "என்ன ஆதாரம் இருக்கு"ன்னு கேட்டுட்டு இருந்தாங்க.

அடுத்து விடுதலைச் சான்றிதழ். இந்த சேவையோட உயிரே இந்த ஒரு தாள்தான். ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், கையெழுத்து போட்ட இந்தத் தாள் இருந்தா கடன் மொத்தமும் ரத்து, யாரும் ஊர்ல வந்து அட்வான்ஸ திருப்பிக் குடுன்னு கேட்க முடியாது, மறுவாழ்வுப் பணமும் இத வெச்சுதான். அவ்ளோ பெரிய தாள்ல முதல் நாள் சாயங்காலம் வந்த லிஸ்ட்ல ஆம்பளைங்க பேர் மட்டும்தான் இருந்துச்சு.

ஏன்னா சூளைக் கணக்கு நோட்டுல அப்படித்தான் இருக்கு. புருஷன், பொண்டாட்டி, ஒரு பிள்ளை, மூணு பேரும் சேர்ந்தா ஒரு யூனிட், அட்வான்ஸும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுங்கற கூலியும் ஆம்பள பேர்ல. மண்ணு மிதிக்கிறது, உருட்டிக் குடுக்கறது எல்லாம் பொம்பள, காயற கல்லைத் திருப்பிப் போடறது பிள்ளை, ஆனா நோட்டுல அவங்க இல்ல. நோட்டைப் பார்த்து லிஸ்ட் போட்டா சான்றிதழ்லயும் இல்ல. இது வெறும் மரியாதைப் பிரச்சனை மட்டும் இல்லங்க. மத்திய அரசோட மறுவாழ்வுத் திட்டத்துல வளர்ந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல், கடத்தல் மாதிரி ரொம்பக் கொடுமையான நிலைல இருந்து மீட்கப்பட்டவங்களுக்கு 3 லட்சம் வரைக்கும் இருக்கு. அப்ப மனைவி பேரும் பிள்ளை பேரும் விட்டுப் போச்சுன்னா, அதிகமா கிடைக்க வேண்டியவங்களே மொத்தமா வெளிய போயிடறாங்க. நான் ஒரு அக்காகிட்ட "நீங்க என்ன வேலை செஞ்சீங்க"ன்னு கேட்டேன். "நான் எங்க வேலை செஞ்சேன், அவருக்கு ஒத்தாசையா இருந்தேன்"னு சொல்லிட்டு கையை விரிச்சுக் காட்டுச்சு, ரெண்டு உள்ளங்கையிலயும் தோல் இல்ல.

அந்தக் கையைத்தான் அதிகாரிகிட்ட கூட்டிட்டுப் போய் காட்டினோம். அவங்க நல்லவங்க, கோபப்படல, மறுநாள் திரும்ப ஒவ்வொரு பொண்ணையும் தனியா விசாரிச்சு பேர் சேர்த்தாங்க. ஆனா நாங்க யாரும் போகலன்னா? ஒடியா தெரிஞ்ச ஒருத்தர அரசாங்கமே கூப்பிட்டு தினப்படி குடுத்து உக்கார வெச்சிருக்கணும், அது இல்லாததுக்கு நிறைய மார்க் குறைக்கிறேன். நான் பேசறது ரூர்கேலா ஒடியா, அவங்க பேசறது சம்பல்புரி, எனக்கே பாதி வார்த்தைய ரெண்டு தடவ கேக்க வேண்டியிருந்துச்சு, எதுவுமே தெரியாதவங்க என்ன எழுதியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

பேர் எழுதறதுலயும் கவனம் பத்தல. காதுல விழுந்தபடி தமிழ்ல எழுதி, அத அப்புறம் இங்கிலீஷ்ல மாத்தறாங்க, ஆதார்ல இருக்கற பேருக்கும் இதுக்கும் ஒட்டவே இல்ல. சொல்லிப் பார்த்தோம், சிலது திருத்தினாங்க, சிலதுக்கு "ரயிலுக்கு நேரமாச்சு"ன்னுட்டாங்க.

உடனடி உதவித்தொகைன்னு 30,000 ரூபாய் வரைக்கும் குடுக்கலாம், அதுக்காகவே ஒவ்வொரு மாவட்டத்துலயும் குறைஞ்சது 10 லட்சம் தனி நிதியா வெச்சிருக்கணும்னு திட்டத்துலயே இருக்கு. மீதி பெரிய தொகை கேஸோட முடிவோட சேர்த்துக் கட்டியிருக்கு, அதுக்கு வருஷக்கணக்காகும், அதனால இந்த முதல் பணம்தான் ஊருக்குப் போனதும் கைல இருக்கற ஒரே காசு. இது இல்லன்னா அடுத்த கார்த்திகைக்கு ஊர்ல ஆள் பிடிக்கிற அதே ஏஜென்ட், அவங்க பாஷைல சர்தார், வந்து அட்வான்ஸ நீட்டுவான், வேற வழியில்லாம வாங்குவாங்க. நான் பார்த்தவங்கள்ல பாதிப் பேருக்கு பேங்க் அக்கவுண்டே இல்ல, அக்கவுண்ட் ஆரம்பிச்சு ஊருக்கு அனுப்பறோம்னு சொல்லி ரயில் ஏத்திட்டாங்க. சென்ட்ரல்ல சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணி பாட்டில், கூட பாதுகாப்புக்கு போலீஸ், அதெல்லாம் அருமையா செஞ்சாங்க. வண்டி கிளம்பறப்ப அந்த அக்கா ஜன்னல் வழியா "நானி, இந்தத் தாள மடிச்சா செல்லாமப் போயிடுமா"ன்னு கேட்டுச்சு. நானின்னா அவங்க ஊர்ல அக்கா. மடிக்கலாம், நனையாம மட்டும் பார்த்துக்கோங்கன்னு சொல்லி என் பைல இருந்த பிளாஸ்டிக் கவரக் குடுத்தேன்.

உங்க தெருவுல, பக்கத்து கட்டட வேலைல, ரைஸ் மில்லுல இப்படி யாராவது இருக்காங்கன்னு சந்தேகம் வந்தா கலெக்டர் ஆபீஸ்லயோ ஆர்டிஓ ஆபீஸ்லயோ எழுதிக் குடுங்க, குழந்தைன்னா 1098, பொண்ணுங்கன்னா 181, அவசரம்னா 112, இலவச வக்கீல் உதவிக்கு 15100. நீங்களா போய் முதலாளிகிட்ட சண்டை போடாதீங்க, அன்னைக்கு ராத்திரியே ஆளுங்கள வேற சூளைக்கு மாத்திடுவாங்க. உங்களுக்கு ஒடியா, இந்தி, பெங்காலி எது தெரிஞ்சாலும் அதையும் சேர்த்து சொல்லி வைங்க, அதுக்குத்தான் அங்க ரொம்பப் பஞ்சம்.

அஞ்சுக்கு மூணு குடுக்கறேன். மீட்புக்கும் அந்தப் பெண் அதிகாரிக்கும்தான் அந்த மூணு. போன வாரம் அந்த அக்கா போன் பண்ணுச்சு, புருஷனுக்குப் பணம் ஏறிடுச்சாம், அக்காவுக்கு இன்னும் வரல, ஆதார்ல இருக்கற பேரும் சான்றிதழ்ல இருக்கற பேரும் ஒரு எழுத்து மாறியிருக்காம். திருத்தக் கேட்டு மனு எழுதியாச்சு, திங்கட்கிழமை நேர்ல கொண்டு போறேன்.