மலிவான மனையா, மழையுள்ள மண்ணா: காஸ்டில்லாவும் ஓசார்க்கும்

அமெரிக்காவில் சொந்த நிலத்தில் பயிரிட்டு, ஆடு கோழி வளர்த்துத் தற்சார்பாக வாழ விரும்புவோர், கொலராடோவின் காஸ்டில்லா கவுண்டியில் ஐந்து ஏக்கர் மனைகள் மலிவாகக் கிடைப்பதைக் கண்டு மயங்குவதுண்டு. ஆனால் சுமார் 2,400 மீட்டர் உயரத்திலுள்ள அந்த வறண்ட பள்ளத்தாக்கில் பயிர்க்காலம் குறுகியது. 35 ஏக்கருக்குக் குறைந்த நிலத்தில் தோண்டும் கிணற்றுக்குப் பெரும்பாலும் வீட்டினுள் புழங்க மட்டுமே அனுமதி கிடைக்கும் என்பதோடு, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடுகளில் கூரைநீரைக்கூடப் பொதுவாக இரண்டு பீப்பாய்களில் மொத்தம் 110 கேலன்தான் சேமிக்கலாம். தோட்டத்துக்கு நீர் எங்கிருந்து வரும்?

மிசௌரியின் ஓசார்க் கவுண்டியில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மண் கல் நிறைந்தது, உண்ணித் தொல்லையும் உண்டு, ஆயினும் என் தேர்வு இதுவே. வெடிப்புகள் மிகுந்த சுண்ணாம்பு வகைப் பாறை கழிவுநீரை எளிதில் நிலத்தடிக்குக் கடத்திவிடுமாதலால், கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடம் பார்த்த பின்னரே இங்கு விலை பேச வேண்டும்.